மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை... மலைச்சரிவில் தண்ணீருக்கு வழிவிட வேண்டும்!

மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்புகளைத் தாண்டியதும் நீலகிரி ஏற்றம் தொடங்கிவிடுகிறது. சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. மலை ரயில் கல்லாற்றிலிருந்து பல்சக்கரத்தின் பிடியில் மெதுவாக ஏறுகிறது. இந்த ரயில் குன்னூரை எட்டியது 1899-ல். ஊட்டியை எட்டியது 1908-ல். 46 கிலோமீட்டர் பாதையில், 300 மீட்டர் சொச்ச உயரத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்துக்குப் போய்ச் சேருகிறது. சுற்றுலா வருகிறவர்கள் பள்ளத்தாக்குத் தெரியும் ஜன்னலோரத்துக்குத்தான் போட்டி போடுவார்கள். மலையில் நிலம் வைத்திருப்பவர்களும் மலையடிவாரத்தில் வீடு கட்டியிருப்பவர்களும் ஒருமுறையாவது எதிர்ப்பக்கம், அதாவது மலையை வெட்டிய பக்கம் உட்கார்ந்து போக வேண்டும். நீலகிரி ஏன் சரிகிறது என்ற கேள்விக்குப் பதில் அந்தப் பக்கத்தில்தான் திறந்து கிடக்கிறது.

பர்லியாறில் வண்டியை நிறுத்தினால் சீசனில் மங்குஸ்தான் பழம் கிடைக்கும். ஜாதிக்காயும் கிராம்பும் விளைகிற இடம் அது. அங்கிருந்து மேலே போகப் போக, பச்சைக்கு நடுவில் செம்மண் பிளவுகள் தெரிகின்றன. சில பழையவை, புதர் மூடியவை. சில புதியவை, காயம் ஆறாதவை. கருங்கல் தடுப்புச்சுவர், கம்பிக்கூடைக்குள் அடுக்கிய கற்கள், இரும்பு வலை என்று சாலையோரம் முழுக்க மலையைப் பிடித்து நிறுத்தும் முயற்சிகள்.

நவம்பர் மாதத்துக் கணக்கு

1978 நவம்பர், 1979 நவம்பர், 1993 நவம்பர், 2009 நவம்பர். நீலகிரியை உலுக்கிய பெரிய சரிவுகளில் பல, வடகிழக்குப் பருவமழை வலுக்கும் இந்த ஒரே மாதத்தில் வந்தவை. 1978-ல் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் ஏறத்தாழ 100 இடங்கள் சரிந்தன. அதற்குப் பிறகுதான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இந்த மலையின் சரிவுகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து, காரணங்களை விரிவாக ஆராயத் தொடங்கியது. 1993-ல் பர்லியாறுக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள மரப்பாலத்தில் மேலிருந்து இறங்கிய மண்ணும் பாறையும் நெடுஞ்சாலையை அறுத்துக்கொண்டு போயின, உயிர்களையும் கொண்டுபோயின. 2009 நவம்பர் 10-ம் தேதிக் கணக்கில் கேத்தியில் ஒரே நாளில் பதிவான மழை 82 சென்டிமீட்டர். அந்தச் சில நாள்களில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான இடங்கள் சரிந்து, 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

மேற்குப் பக்கத்துக்குக் கணக்கு வேறு. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் அடித்துப் பெய்யும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டரைத் தாண்டிப் பெய்தது. ஒரே மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம். ஆகையால் ஆபத்துக்காலமும் இரண்டு.

82 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு தண்ணீர்? ஒரு ஏக்கர் நிலத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர். 82 சென்டிமீட்டர் பெய்தால் 33 லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் 330 லாரித் தண்ணீர், ஒரே ஏக்கரில், ஒரே நாளில். எடையில் 3,300 டன். இதில் பெரும்பகுதி மேலாக ஓடிவிடும். மீதி மண்ணுக்குள் இறங்கும். மேலாக ஓடுகிற தண்ணீர் மண்ணை அரிக்கும். அது கண்ணுக்குத் தெரியும். உள்ளே இறங்கி, வெளியேற வழியில்லாமல் தங்குகிற தண்ணீர்தான் மலையைச் சரிக்கும். அது கண்ணுக்குத் தெரியாது.

வெட்டிய பக்கம் சொல்லும் கதை

குன்னூரை நெருங்கும்போது, புதிதாக வெட்டிய இடம் எதையாவது உற்றுப் பார்த்தால் மலை மூன்று அடுக்காகத் தெரியும்.

அடியில் கறுத்த, கெட்டியான பாறை. பெயர் சார்னோக்கைட். சென்னைப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருப்பது இதே வகைப் பாறைதான். இது எளிதில் உடையாது. தண்ணீரையும் அவ்வளவாக உள்ளே விடாது.

அதற்கு மேல், அந்தப் பாறையே பல லட்சம் ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் மக்கி உருவான களி. மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு என்று கலந்திருக்கும். காய்ந்திருக்கும்போது கடப்பாரைக்கும் சவால் விடும். நனைந்தால் சோப்புக்கட்டி போல வழுக்கும். நீலகிரியில் இந்த மக்கிய அடுக்கின் கனம் இடத்துக்கு இடம் மாறுகிறது. சில இடங்களில் சில மீட்டர். சில இடங்களில் பத்து, இருபது மீட்டரையும் தாண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் செம்மண். தேயிலையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைவது இதில்தான். இது பொலபொலப்பானது, தண்ணீரை நன்றாகக் குடிக்கும்.

இப்போது மழைத்தண்ணீரின் பயணத்தைப் பார்க்கலாம். செம்மண் தண்ணீரை விரைவாக உள்ளே விடுகிறது. களிக்கு வந்ததும் வேகம் குறைகிறது. பாறையில் தட்டியதும் நின்றுவிடுகிறது. கீழே போக வழியில்லாத தண்ணீர், களியும் பாறையும் சேருகிற இடத்தில் தேங்குகிறது. நீலகிரிச் சரிவுகள் பலவற்றில் பாறை உடைந்து விழவில்லை. பாறையின் மேல் உட்கார்ந்திருந்த மண்போர்வை மொத்தமாக வழுக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறது.

மண் எப்போது நழுவும்?

களத்தில் நெல்லைக் கொட்டிக் குவித்தால், ஓர் அளவுக்கு மேல் குவியல் செங்குத்தாக நிற்காது. பக்கவாட்டில் சரிந்து ஒரு கோணத்தில் நின்றுகொள்ளும். மணிக்கு மணி உராயும் பிடிமானம்தான் அந்தக் கோணத்தைத் தீர்மானிக்கிறது. மண்ணும் அப்படித்தான். மண்ணில் உராய்வோடு களியின் ஒட்டும் தன்மையும் சேர்ந்துகொள்வதால், நெல்லை விடச் செங்குத்தாக நிற்கும். 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலோம், கோட்டைச் சுவர்களுக்குப் பின்னால் இருக்கும் மண்ணைப் பற்றி யோசித்தபோது கண்ட கணக்கு இது. இன்றைக்கும் சரிவு ஆய்வின் அடிப்படை அதுதான்.

ஆய்வாளர்கள் ஒரு சரிவை இரண்டு பலங்களின் இழுபறியாகப் பார்க்கிறார்கள். மண்ணின் எடை கீழே இழுக்கிறது. உராய்வும் ஒட்டும் தன்மையும் வேர்களும் பிடித்து நிறுத்துகின்றன. பிடிக்கும் பலத்தை இழுக்கும் பலத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். அதற்குப் பாதுகாப்பு எண் என்று பெயர். 1.5 வந்தால் நிம்மதி. 1-ஐ நெருங்கினால் எச்சரிக்கை. 1-க்குக் கீழே போனால் மலை இறங்கும்.

தண்ணீர் இந்த எண்ணை மூன்று வழியில் குறைக்கிறது. முதலாவது, மண்ணின் எடையைக் கூட்டுகிறது. இரண்டாவது, களியை இளக்குகிறது. மூன்றாவதுதான் மிக முக்கியம். மண் துகள்களுக்கு இடையில் நிறைந்த தண்ணீர், துகள்களை ஒன்றோடொன்று அழுந்த விடாமல் விலக்குகிறது. அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும். கடற்கரையில் குழந்தைகள் கட்டும் மணல் வீட்டை நினைத்துப் பார்த்தால் புரியும். ஈரமணலில் கட்டினால் சுவர் நிற்கும். அதே சுவரில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் உட்கார்ந்துவிடும். கொஞ்சம் ஈரம் பிடிமானம். நிறைந்த ஈரம் நழுவல். 1920-களில் கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் இந்தத் தண்ணீர் அழுத்தத்தைக் கணக்கில் கொண்டுவந்த பிறகுதான், மழைக்காலத்தில் மலை ஏன் சரிகிறது என்பதற்குச் சரியான விளக்கம் கிடைத்தது.

இதிலிருந்து விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பத்து நாள் விட்டுவிட்டுப் பெய்து ஊறிப்போன மண்ணுக்குக் கடைசியாக ஒரு நல்ல மழை போதும். மழை விட்ட பிறகும், உள்ளே இறங்கிய தண்ணீர் அடியில் போய்ச் சேரும்வரை அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம். ஆகையால் வானம் வெளுத்ததும் ஆபத்து முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

கேத்திப் பள்ளத்தாக்கில்...

குன்னூரிலிருந்து ஊட்டி போகும் வழியில் கேத்திப் பள்ளத்தாக்கு விரிகிறது. சரிவு முழுக்கப் படிப்படியாகக் காய்கறி நிலங்கள். நடுவில் படுகர் ஹட்டிகளின் ஓட்டு வீடுகள். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளை, பூண்டு என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று நிலத்தில் இருக்கும். அரை ஏக்கரும் ஒரு ஏக்கரும் வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. 2009-ல் 82 சென்டிமீட்டர் கொட்டியது இந்தப் பள்ளத்தாக்கில்தான்.

இங்கே நிலம் எப்படி மாறியது என்பதும் சரிவுக் கதையில் சேர்ந்ததுதான். மலையின் பழைய உடை, சோலைக்காடும் புல்வெளியும். ஓடைகளின் ஓரமும் மடிப்புகளிலும் சோலை, மேட்டில் புல். அந்த அமைப்பு தண்ணீரைத் தாங்கி, மெதுவாக ஓடைக்கு விட்டது. பிறகு தேயிலை, காய்கறி, சாலை, கட்டடம் என்று வந்தபோது மூன்று விஷயங்கள் சேர்ந்து நடந்தன. சரிவின் அடிவாரம் வெட்டப்பட்டது. இயற்கையான ஓடைகள் மூடப்பட்டன, அல்லது குறுக்கப்பட்டன. மேலே கட்டடங்களின் எடையும் கழிவுநீரும் கூடின. நீலகிரிச் சரிவுகளை ஆராய்ந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிற காரணங்கள் இவைதான்.

அடிவாரத்தை வெட்டுவது அரிசி மூட்டை அடுக்கில் அடி மூட்டையை உருவுவது போல. வீட்டுக்கு இடம் வேண்டும், வண்டி வர வழி வேண்டும் என்று பொக்லைன் வைத்து ஐந்தாறு மீட்டர் செங்குத்தாக வெட்டினால், கோடையில் ஒன்றும் ஆகாது. ஒரு வருடம், இரண்டு வருடம்கூட நிற்கும். ஒரு நவம்பரில் விழும்.

அரிப்பு வேறு, சரிவு வேறு!

ஊட்டியில் இந்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சரிவில் எப்படிப் படித்தளம் அமைப்பது, தேயிலைத் தோட்டத்தில் எப்படிச் சமஉயர அகழி எடுப்பது என்று பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் இடம். மேலிருந்து கீழாகப் பார் பிடித்து உருளை போடும் வழக்கத்தால் மலைமண் எவ்வளவு போகிறது என்பதை எடுத்துச் சொல்லி, குறுக்கே பார் பிடிக்கச் சொல்லும் மையம் அது.

இங்கேதான் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெய்யும் மழையை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் நிலத்திலேயே நிறுத்த வேண்டும் என்பது சமவெளி விவசாயிகளுக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் பாடம். வரப்பைக் கட்டு, குழியை எடு, குட்டையை வெட்டு. திண்டுக்கல்லிலும் தருமபுரியிலும் சமதளக் காட்டில் அது நூற்றுக்கு நூறு சரி. செங்குத்தான மலைச்சரிவில், களிக்கு மேல் ஆழமான மண் இருக்கும் இடத்தில், அதை அப்படியே செய்தால் வினையாகிவிடும். மூடிய குழியில் நின்ற தண்ணீர் நேராக வழுக்குப் பரப்புக்குப் போகும். மேல்மண்ணைக் காப்பாற்றப் போய், மலையையே இளக்கிவிட நேரும்.

அதற்காக மலையில் தண்ணீரைக் கட்டுப்பாடில்லாமல் ஓடவிடவும் முடியாது. மேல்மண் முழுக்கப் போய்விடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. தண்ணீரை மெதுவாக நடக்க வைக்க வேண்டும். நிற்க வைக்கக் கூடாது.

நடைமுறையில் இதற்குப் பொருள் என்ன? மழை அதிகமுள்ள மலையில் படித்தளம் மலைப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் விளிம்பில் வழிந்து படியை உடைக்காது. அப்படி உள்ளே வரும் தண்ணீரை ஏந்த, படியின் உள்ளோரம் ஒரு வாய்க்கால் வேண்டும். அந்த வாய்க்கால் பக்கவாட்டில் லேசான வாட்டத்தோடு ஓடி, புல் வளர்த்த அல்லது கல் பதித்த வடிகாலில் சேர வேண்டும். அந்த வடிகால் இயற்கை ஓடையில் போய் முடிய வேண்டும். பல தோட்டங்களில் முதல் பாதி இருக்கிறது, இரண்டாவது பாதி இல்லை. படி இருக்கும், வாய்க்கால் தூர்ந்திருக்கும். வாய்க்கால் இருக்கும், போய்ச் சேர ஓடை இருக்காது. கடைசியில் தண்ணீர் பக்கத்து நிலத்துக்காரர் தலையில் இறங்கும். மலையில் வடிகால் என்பது ஒருவர் தனியாகச் செய்கிற காரியமல்ல. ஓர் ஓடைக்கு மேலே இருக்கும் எல்லா நிலத்துக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால்தான் அது முடியும்.

சரிவு எவ்வளவு செங்குத்து என்று அளக்க, கொத்தனாரின் ரசமட்டமும் ஒரு மீட்டர் நீளக் குச்சியும் போதும். குச்சியின் ஒரு முனையைத் தரையில் வைத்து, சரிவின் கீழ்நோக்கி நீட்டி, ரசமட்டம் பார்த்து மட்டமாகப் பிடிக்க வேண்டும். மறுமுனையிலிருந்து தரைவரை உள்ள உயரத்தை அளக்க வேண்டும். 36 சென்டிமீட்டர் வந்தால் சரிவு 20 டிகிரி. 58 வந்தால் 30 டிகிரி. 20 டிகிரியைத் தாண்டி, மண்ணும் ஆழமாக இருந்தால், வெளியேறும் வழியில்லாத மழைக்குழியோ அகழியோ எடுக்காமல் இருப்பது நல்லது. சரிவின் மேல்பகுதியில் பண்ணைக்குட்டை வெட்டினால், தார்ப்பாய் விரிக்காமல் தண்ணீர் தேக்கக் கூடாது.

மரம் நட்டால் போதுமா?

மரம் உதவும். வேர் மண்ணைத் தைத்து வைக்கிறது. இலை மழையின் அடியைத் தாங்குகிறது. மரம் உள்ளிருக்கும் தண்ணீரை உறிஞ்சி வெளியே விடுகிறது. சாலையோர வெட்டுகளிலும் படியின் விளிம்பிலும் வெட்டிவேர் நட்டால் மேல்மண் நன்றாகப் பிடித்து நிற்கும். ஆனால், வேரின் பிடி பெரும்பாலும் மேலே இருக்கும் ஒன்றிரண்டு மீட்டருக்குத்தான். வழுக்குப் பரப்பு பத்து மீட்டர் ஆழத்தில் இருந்தால், மரத்தோடு சேர்ந்தே மலை இறங்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மரத்தை வெட்டிய வருடம் ஒன்றும் ஆகாது. ஏனென்றால் வேர் இன்னும் மண்ணுக்குள் உறுதியாக இருக்கிறது. மூன்று, நான்கு வருடம் கழித்து அது மக்கிய பிறகுதான் பிடிமானம் விட்டுப்போகும். மக்கிய வேர் விட்ட துவாரம் வழியாகத் தண்ணீரும் எளிதாக உள்ளே இறங்கும். பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடவு செய்கிறவர்கள், நிழல்மரம் வெட்டுகிறவர்கள் மொத்தச் சரிவையும் ஒரே வருடத்தில் காலி செய்யாமல், பகுதி பகுதியாகச் செய்வது நல்லது. வெட்டிய இடத்தில் அதே பருவத்தில் புதிய நடவு வர வேண்டும்.

மேலே என்ன இருக்கிறது?

கேரள மலைப்பகுதிகள் இன்னொரு பாடத்தைச் சொல்கின்றன. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மேல் மண் இறங்கியதில் 70 பேர் இறந்தனர். பெரும்பாலானோர் தமிழர்கள், தலைமுறைகளுக்கு முன்பு தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்குப் போன குடும்பங்கள். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்ணும் பாறையும் அடித்துச் சென்றதில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இந்த இரண்டு இடங்களிலும் சரிவு தொடங்கிய இடம் வேறு, உயிர்கள் போன இடம் வேறு. வெகு மேலே பிடுங்கிக்கொண்ட மண், ஓடைப்பாதையில் இறங்கி, வழியில் பாறையையும் மரத்தையும் சேர்த்துக்கொண்டு சேற்று வெள்ளமாகக் கீழே வந்தது. வயநாட்டில் அது கிலோமீட்டர் கணக்கில் ஓடியது. ஆகையால், வீடு சமதளத்தில் இருக்கிறது என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. வீட்டுக்கு மேலே என்ன இருக்கிறது, மேலிருந்து வரும் ஓடை எந்த வழியாகப் போகும் என்று பார்க்க வேண்டும். கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடையின் வாயில் வீடோ, மாட்டுக்கொட்டகையோ கட்டக் கூடாது. 2024 டிசம்பர் 1-ல் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து ஒரே இடத்தில் 7 பேர் இறந்தார்கள். இது நீலகிரிக்கு மட்டும் உள்ள பிரச்னை இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் இருப்பவர்களும் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

மலைக்கு நாடி பார்க்கும் கருவிகள்

மலை சரிவதற்கு முன் சொல்லிவிட்டுச் சரியுமா? பல நேரம் சொல்கிறது. கேட்கக் கருவி வேண்டும். மூணாறில் 2009 முதல் ஒரு சரிவில் அமிர்தா பல்கலைக்கழகம் கருவிகளைப் புதைத்து வைத்திருக்கிறது. மண்ணுக்குள் ஆழ்துளை போட்டு, தண்ணீர் அழுத்தம், ஈரம், மண்ணின் நகர்வு ஆகியவற்றை அளந்து, கம்பியில்லாமல் தகவல் அனுப்புகிற அமைப்பு அது. ஒரு நோயாளியின் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பது போல, மலையின் தண்ணீர் அழுத்தத்தைப் பார்க்கிறார்கள்.

எல்லா மலையிலும் கருவி புதைக்க முடியாது. அதனால் பரந்த பகுதிக்கு இன்னொரு முறை. எந்தச் சரிவு எவ்வளவு மண், எவ்வளவு செங்குத்து, முன்பு எங்கே சரிந்தது என்று வரைபடம் போட்டு, அதன்மேல் மழை முன்னறிவிப்பைப் பொருத்திப் பார்ப்பது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை போட்ட வரைபடத்தின்படி, நாட்டின் நிலப்பரப்பில் 12 சதவிகிதத்துக்கு மேல் நிலச்சரிவு வாய்ப்புள்ள பகுதி. மழையை வைத்துச் சரிவை முன்கூட்டிச் சொல்லும் முயற்சியை இந்தத் துறை முதலில் சோதித்துப் பார்த்த இரண்டு இடங்கள் டார்ஜிலிங்கும் நீலகிரியும்தான். 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் தொடங்கப்பட்டது. மழைக்காலத்தில் மாவட்ட நிர்வாகத்துக்கு அறிக்கை அனுப்பப்படுகிறது. நீலகிரி மாவட்ட நிர்வாகமும் ஆபத்தான இடங்களைப் பட்டியலிட்டு, மழைக்காலத்தில் கண்காணிக்கிறது.

இந்த முன்னறிவிப்பு ஒரு வட்டாரத்துக்கானது. எந்தத் தோட்டம், எந்த வீடு என்று அது சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்ப அந்த நிலத்தில் வாழ்கிறவர்களின் கண்தான் வேண்டும்.

புரட்டாசிக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், கிழக்குச் சரிவில் நிலம் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவை சில. மேற்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இதையே வைகாசிக்குள் முடிக்க வேண்டும்.

1. நிலத்துக்கு மேல் விளிம்பிலிருந்து கீழ் ஓடை வரை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். வாய்க்காலில் தூர், சாலைக் குழாயில் குப்பை, தடுப்புச்சுவரின் வடிதுளைகளில் அடைப்பு இருந்தால் நீக்க வேண்டும். வடிதுளை அடைபட்ட சுவருக்குப் பின்னால் தண்ணீர் சேர்ந்தால், சுவரையே அது தள்ளிவிடும்.

2. வீட்டுக் கழிவுநீர், கூரைத் தண்ணீர், செப்டிக் டேங்க் உறிஞ்சுகுழி ஆகியவை சரிவின் விளிம்பில் இறங்கக் கூடாது. குழாய் போட்டு ஓடை வரை கொண்டுபோக வேண்டும். உடைந்த பாசனக் குழாயில் இரவெல்லாம் கசியும் தண்ணீரும் மழைதான்.

3. மேல்பக்கத்தில் வில் போல வளைந்த வெடிப்புத் தெரிந்தால் அலட்சியம் கூடாது. வெடிப்பில் களிமண் திணித்து இடித்து, மேலே தார்ப்பாய் போட்டு, மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்க வேண்டும். வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைவெளியை வாரம் ஒருமுறை டேப் வைத்து அளந்து எழுதி வைக்க வேண்டும். அளவு கூடிக்கொண்டே போனால் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் தெரிவிக்க வேண்டும்.

4. நேர்ச்சுவர் உள்ள டப்பா ஒன்றைத் திறந்தவெளியில் வைத்து, தினமும் காலையில் அதில் உள்ள தண்ணீரை ஸ்கேலால் அளந்து எழுதலாம். மில்லிமீட்டர் கணக்கில் அதுவே மழை அளவு. தன் நிலத்தில் எத்தனை நாள் எவ்வளவு பெய்த பிறகு புதிய ஊற்று வந்தது, எப்போது வரப்பு இறங்கியது என்று சில வருடக் கணக்கு கையில் இருந்தால், அந்தத் தோட்டத்துக்கு அதைவிட நல்ல எச்சரிக்கை கிடையாது.

5. மழைக்காலத்தில் அடிவாரத்தை வெட்டும் வேலை எதையும் தொடங்கக் கூடாது.

மழை பெய்துகொண்டிருக்கும்போது கவனிக்க வேண்டியவை வேறு. நேற்றுவரை சாத்திய கதவு இன்றைக்கு மாட்டிக்கொள்கிறது. மின்கம்பமோ மரமோ புதிதாகச் சாய்கிறது. இல்லாத இடத்தில் ஊற்று வருகிறது. தெளிந்த ஊற்று கலங்கி வருகிறது. மலைக்குள் இடி போல ஓசை கேட்கிறது. பலத்த மழையிலும் ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைகிறது. கடைசி அடையாளம் மிக ஆபத்தானது. மேலே எங்கோ மண் விழுந்து ஓடையை அடைத்திருக்கலாம். அடைப்பு உடைந்தால் எல்லாம் ஒரேயடியாக வரும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பொருளை எடுக்க நிற்கக் கூடாது. குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு, ஓடைப்பாதையை விட்டுப் பக்கவாட்டில், மேடான இடத்துக்குப் போய்விட வேண்டும். மாட்டைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிட நேரம் இருந்தால் அவிழ்த்துவிடலாம். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077. மாநில எண் 1070.

இந்தச் சரிவுகளில்தான் தேயிலையும் கேரட்டும் விளைகின்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் எல்லோரும் மலையை விட்டு இறங்கிவிட முடியாது. சமவெளியில் தண்ணீரை நிறுத்துகிறவர் நல்ல விவசாயி. மலைச்சரிவில், தன் நிலத்துக்குள் வந்த தண்ணீரை மண்ணையும் கொண்டுபோகாமல், மண்ணுக்குள்ளும் தங்காமல், ஓடை வரை பத்திரமாக அனுப்பி வைக்கிறவர்தான் நல்ல விவசாயி. அந்த வேலைக்கு ஒரு மண்வெட்டியும், பக்கத்து நிலத்துக்காரரோடு ஒரு பேச்சும் போதும். மழை தொடங்குவதற்குள் இரண்டையும் முடித்துவிட வேண்டும்.